கண்டிச்சீமைக்குப் போனவர்கள்: 'விருப்பம்' என்கிற சொல்லைப் பற்றி

கோச்சடைப் பக்கம் பெரியவர்கள் பேச்சில் 'புலம்பெயர்வு' என்ற சொல் வராது. 'பஞ்சம் பொழைக்கக் கண்டிக்குப் போனாக' என்பார்கள். காலனியக் கோப்புகளிலோ இவர்கள் ஒப்பந்தத்தால் கட்டப்படாத, தாமே விரும்பிப் போன 'சுதந்திர உழைப்பாளிகள்'. எது அந்த விருப்பம்?

1876-78 தாது வருஷப் பஞ்சத்தைக் காரணமாகச் சொல்வது நமக்குப் பழகிவிட்டது. வசதியும்கூட, பழி மழை மேல் போய்விடும். ஆனால் 1830களிலேயே இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு ஆட்கள் போகத் தொடங்கிவிட்டார்கள். மன்னாரில் இறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் காட்டுப் பாதையில் நடை. காலராவில் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். காப்பிப் பழம் பறித்ததும் பலர் ஊர் திரும்பினார்கள். தேயிலை வந்தபின் வருஷம் முழுக்கக் கொழுந்து, அதனால் குடும்பத்தோடு லயத்தில் குடியேற்றம்.

போனவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர் உள்ளிட்ட நிலமற்ற சாதிகள். 1843 சட்டம் அடிமை முறைக்கிருந்த அங்கீகாரத்தை விலக்கியது. பண்ணையாளின் கடனை விலக்கவில்லை. 1895இல் பெரியாற்றுத் தண்ணீர் மேலூர்ப் பக்கம் பாய்ந்தது. தண்ணீர் யார் வயலுக்கு? ஆண்டையை விட்டு ஓடுவதும் ஒரு எதிர்ப்புதான். ஆனா ஓடுறதுக்கும் முன்பணம் வேணுமே, அதைக் கங்காணி கொடுத்தான். கடன் கூடவே கப்பலேறியது. தோட்டம் மாற வேண்டுமென்றால் கடன் எழுதிய 'துண்டு' வேண்டும். அதைத் தீர்க்கிற துரையிடம்தான் போக முடியும். துண்டு முறை ஒழிந்தது 1921இல்.

மெக்சிகோக்காரர் கதையும் தூரத்தில் இல்லை. 1942இல் தொடங்கிய பிராசெரோ ஒப்பந்தப்படி அமெரிக்கப் பண்ணைகளுக்குப் போனவர்களின் கூலியில் பத்து சதம் 'சேமிப்பு' என்று பிடிக்கப்பட்டது. பலருக்கு அது கைக்கு வரவேயில்லை. அந்தத் திட்டம் 1964 கடைசியில் முடிந்தது. அதே வருஷம் அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பற்றிப் பிறகு பேசலாம் என்று. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்ட மக்கள் இவர்கள். அவர்கள் விருப்பத்தை மேசையில் யாரும் கேட்கவில்லை. போகும்போது மட்டும் அது கோப்பில் ஏறியிருந்தது.

அம்மை, காலரா என்று போகிறவர்களைத் தடுத்து வைத்த அதே மண்டபம் முகாம்தான் திரும்பியவர்களையும் வரவேற்றது. தாத்தன் பாட்டன் ஊரைத் தேடி வந்தவர்களுக்கு இங்கே ஒரு பெயர் தயாராக இருந்தது: 'சிலோன்காரங்க'.