தொலைவிலிருந்து நாடி பார்த்த காலம்

ஆந்திர தேசத்து அரகொண்டா கிராமத்தில் 2000-ஆம் ஆண்டு செயற்கைக்கோள் வழியே தொடங்கப்பெற்ற தொலைமருத்துவம், கொரோனாப் பெருந்தொற்றின்போதுதான் சாமானிய ஜனங்களின் இல்லங்களைப் பரவலாக எட்டியது. தேசமே ஊரடங்கிய 2020 மார்ச் 25 அன்று மத்திய அரசு அதற்குரிய நெறிமுறைகளைப் பிரசுரித்தது. ஏப்ரல் 13-இல் அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியின் இணையவழிப் புறநோயாளர் பிரிவு உதயமாயிற்று. விரலில் மாட்டிய, இரத்தத்தின் பிராணவாயு அளவைச் சதவீதமாகக் காட்டும் ஆக்ஸிமீட்டரின் எண்ணை நோயாளி வாசிக்க, ஆறு நிமிஷம் அறைக்குள் நடந்தபின் அது 94-க்குக் கீழே இறங்குகிறதா என்று வைத்தியர் திரையினூடே கவனித்து, இறங்கினால் க்ஷணமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்படச் சொன்ன அம்முறை, எளியதாயினும் பிராணனைக் காக்கும் சாதனமாயிற்று. அவசர நோய்க்கு முதலுதவி யோசனை கூறி, நேரடிச் சிகிச்சைக்கு விரைந்து அனுப்புவதே வைத்தியரின் கடமை என்று நெறிமுறையே வரையறுத்திருந்தது. அந்த வரம்பை மறவாதவரையில், வைத்தியசாலைக்கு வெகுதூரத்திலுள்ள ஏழைக்குத் தொலைமருத்துவம் பெரும் அனுக்கிரகமேயாகும்.