மின்னணு நடன இசையும் நகரங்களும்: ஒரு வரலாற்று ஒப்பீடு

முன்னுரை

சிந்தசைசர், தாளப்பொறி, கணிப்பொறி ஆகியவற்றைக் கொண்டு, ஆடுவதற்கென்றே உருவாக்கப்படும் இசை மின்னணு நடன இசை எனப்படும். இளைஞர்கள் இதனைச் சுருக்கமாக இ.டி.எம். என்பர். ஹவுஸ், டெக்னோ, டிரான்ஸ் முதலியன இதன் பிரிவுகள். ஹவுஸ் இசையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 130 அடிகள் விழும். கோவா டிரான்ஸில் இது 140ஐத் தாண்டும்.

ஒரே இசை ஒரு நகரில் பண்பாடாகவும் மற்றொரு நகரில் காவல்துறைச் சிக்கலாகவும் பார்க்கப்படுவது ஏன்? பெங்களூருக்கும் சென்னைக்கும் இடையே சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் இரண்டின் இரவு வாழ்க்கையும் வேறு வேறு. காலியான கட்டடங்கள், மூடும் நேரம், மது உரிமம் ஆகிய மூன்றே இந்த வேறுபாட்டிற்கு முதன்மையான காரணங்கள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பிறப்பிடம்: சிகாகோவும் டெட்ராய்ட்டும்

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1977இல் ‘வேர்ஹவுஸ்’ என்னும் நடனக் கிளப் திறக்கப்பட்டது. வேர்ஹவுஸ் என்றால் கிடங்கு. அங்கு இசைத்தட்டுகளைக் கோத்து இசைத்தவர் பிராங்கி நக்கிள்ஸ். ‘ஹவுஸ்’ என்ற பெயரே இந்தக் கிளப்பின் பெயரிலிருந்து வந்தது என்பர். கறுப்பின மக்களும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் தன்பாலின ஈர்ப்பாளர்களும் அங்கு பெருமளவில் கூடினர். வேறு இடங்களில் ஒதுக்கப்பட்டவர்களுக்கு அந்த ஆடுகளம் புகலிடமாக இருந்தது.

கார்த் தொழில் நலிந்துகொண்டிருந்த டெட்ராய்ட்டில் ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகிய மூவரும் 1980களில் டெக்னோ இசைக்கு வடிவம் தந்தனர்.

பெர்லின்: சுவர் விழுந்த பிறகு

மேற்கு பெர்லினில் 1949ஆம் ஆண்டிலேயே மதுக்கூடங்களுக்கான கட்டாய மூடும் நேரம் நீக்கப்பட்டது. 1989இல் பெர்லின் சுவர் விழுந்தபோது நகரின் கிழக்குப் பகுதியில் உரிமையாளர் யாரெனத் தெளிவில்லாத ஏராளமான கட்டடங்கள் காலியாகக் கிடந்தன. 1991இல் தொடங்கிய ‘டிரெசோர்’ கிளப் பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் பாதுகாப்புப் பெட்டக அறையில் இயங்கியது. 2004இல் தொடங்கிய ‘பெர்க்ஹைன்’ பழைய மின்நிலையத்தில் அமைந்தது. மூடும் நேரமும் இல்லை, வாடகையும் குறைவு என்பதால் பெர்லின் டெக்னோவின் தலைநகரானது.

2021 மே மாதம் ஜெர்மன் நாடாளுமன்றம், இசைக் கிளப்புகளை வெறும் கேளிக்கைக் கூடங்களாகக் கருதாமல் பண்பாட்டு இடங்களாகக் கருத வேண்டும் எனத் தீர்மானித்தது. 2024இல் பெர்லின் டெக்னோ பண்பாடு ஜெர்மனியின் தேசிய அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பிரிட்டனில் நடந்தது வேறு. கட்டுப்பாடின்றித் திறந்தவெளியில் நடந்த இரவுக் கூட்டங்களை அடக்க 1994இல் ஒரு சட்டம் வந்தது. திரும்பத் திரும்ப ஒலிக்கும் தாள அடிகள் கொண்ட இசை என்றே அச்சட்டம் இதனை வரையறுத்தது. மான்செஸ்டரின் புகழ்பெற்ற ‘ஹசியெண்டா’ கிளப் 1982 முதல் 1997 வரை இயங்கியது. பின்னர் அது இடிக்கப்பட்டு, அதே இடத்தில் அதே பெயரில் அடுக்குமாடிக் குடியிருப்பு எழுந்தது.

மும்பை: மறக்கப்பட்ட முன்னோடி

மின்னணு இசை இந்தியாவிற்கு அண்மையில் வந்தது என எண்ணுவது தவறு. 1969இலேயே அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சிந்தசைசருடன் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைக்கப்பட்டது.

1982இல் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், பத்து இராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808 கருவிகளை அவர் பயன்படுத்தினார். டிபி-303இல் ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றிற்கு வழுக்கிச் செல்ல முடியும். இராக இசைக்கு இது ஓரளவு ஒத்துவந்தது. அந்தத் தட்டு அப்போது விலைபோகவில்லை. இதே கருவியைக் கொண்டு சிகாகோ இசைஞர்கள் உருவாக்கிய ‘ஆசிட் ஹவுஸ்’ இசை 1987இல்தான் தட்டாக வெளிவந்தது. 2010இல் சரண்ஜித் சிங்கின் தட்டு மறுவெளியீடு பெற்றபின் உலகம் வியந்தது. சிகாகோ இசைஞர்கள் அவரிடமிருந்து கற்றதாகச் சொல்ல இயலாது. ஆயினும் ஒரே கருவி இரு வேறு கண்டங்களில் ஒத்த இசையைத் தந்தது என்பது உண்மை. அவர் 2015இல் காலமானார்.

மும்பையின் கிளப்புகள் வளர்ந்த இடமும் கவனிக்கத்தக்கது. 1982இல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் 2.5 லட்சம் துணி ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அந்த லோயர் பரேல் ஆலை வளாகங்களில்தான் பின்னாளில் உணவகங்களும் கிளப்புகளும் முளைத்தன. 2007இல் தொடங்கிய ‘புளூ ஃபிராக்’ அவற்றுள் ஒன்று. தறி ஓடிய இடத்தில் தாளம் ஒலித்தது. ஆனால் வேலை இழந்த குடும்பங்களின் பிள்ளைகள் அந்த நுழைவுக் கட்டணத்தைக் கொடுத்திருக்க முடியுமா என்பது வேறு கேள்வி.

2017 டிசம்பர் 29 அதிகாலை, கமலா மில்ஸ் வளாகத்தின் மாடி உணவகங்களில் ஏற்பட்ட தீயில் 14 பேர் இறந்தனர். பழைய கட்டடத்தைப் புதிய பயன்பாட்டிற்கு மாற்றும்போது அவசர வழியும் தீயணைப்பு வசதியும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அந்த இரவு உணர்த்தியது.

கோவா: கடற்கரையில் பிறந்த டிரான்ஸ்

1960களின் இறுதியில் மேலைநாட்டு ஹிப்பிகள் கோவாவின் அஞ்சுனா கடற்கரைக்கு வந்தனர். முழுநிலவு இரவுகளில் அவர்கள் நடத்திய கூட்டங்களில் முதலில் ராக் இசையும், 1980களில் மின்னணு இசையும் ஒலித்தன. அமெரிக்காவிலிருந்து வந்த கோவா கில் இதில் முக்கியமானவர். அவர் 2023இல் காலமானார். வெயிலில் இசைத்தட்டுகள் வளைந்துவிடும் என்பதால் அங்கு ஒலிநாடாக்களே பயன்பட்டன. 1990களில் ‘கோவா டிரான்ஸ்’ என்ற பெயர் உலகெங்கும் பரவியது. 2007இல் காண்டோலிம் கடற்கரையில் ‘சன்பர்ன்’ விழா தொடங்கியது. இலவசமாகக் கூடிய கடற்கரை இரவு, நுழைவுச்சீட்டு விற்கும் பெருந்தொழிலாக மாறியது. கூடவே போதைப்பொருள், இரைச்சல், குப்பை பற்றிய உள்ளூர் மக்களின் புகார்களும் வளர்ந்தன.

பெங்களூரு: பப்புகளின் நகரம்

1980களிலிருந்து பெங்களூரில் பப்புகள் பெருகின. தகவல் தொழில்நுட்பத் துறை வளர்ந்தபோது பிற மாநில இளைஞர்களும் வந்து சேர்ந்தனர். 2005இல் மாநகரக் காவல்துறை, டிஸ்கோத்தே, நேரடி இசைக்குழு ஆகியவற்றிற்குத் தனி உரிமம் வேண்டும் என ஆணையிட்டது. இரவு 11.30க்கு மூட வேண்டும் என்ற விதியும் இருந்தது. இசை ஒலிக்கும், ஆனால் ஆடினால் காவலர் வருவார் என்ற விந்தையான நிலை சில ஆண்டுகள் நீடித்தது. 2005ஆம் ஆண்டு ஆணை செல்லும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கிடையே மூடும் நேரம் படிப்படியாக இரவு 1 மணி வரை நீட்டிக்கப்பட்டது.

சென்னை: கிளப்பை விடத் திரைப்படம்

தமிழ்நாட்டில் மதுவிலக்கு 1937இல் சேலத்தில் தொடங்கி, பலமுறை தளர்ந்தும் இறுகியும் வந்துள்ளது. 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் நிறுவனத்தின் கையில் உள்ளது. டாஸ்மாக் பார்களை விட்டால், நட்சத்திர விடுதிகளும் உறுப்பினர் மன்றங்களுமே மது பரிமாறும் இடங்கள். ஆகவே பெங்களூரைப்போல் தெருவோரக் கிளப்புகள் சென்னையில் வளரவில்லை. நடனக் கூடங்கள் விடுதிகளுக்குள்ளேயே அடங்கின.

அவற்றுள் ஒன்றான ‘பாஷா’ இயங்கிய தி பார்க் விடுதி, பழைய ஜெமினி ஸ்டூடியோ நிலத்தில் கட்டப்பட்டது. எஸ்.எஸ்.வாசனின் ‘சந்திரலேகா’ (1948) படத்தின் முரசு நடனத்தைத் தந்த அதே ஸ்டூடியோதான் அது.

தமிழ் மக்களுக்கு மின்னணு நடன இசையை அறிமுகம் செய்தது கிளப் அன்று, திரைப்படம். இளையராஜா ‘புன்னகை மன்னன்’ (1986) படத்தில் கணிப்பொறி இசையைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’ மூலம் அறிமுகமான ஏ.ஆர்.ரகுமான், ‘காதலன்’ (1994) படப் பாடல்களால் அந்த ஒலியைப் பட்டிதொட்டியெங்கும் கொண்டுசேர்த்தார். நுழைவுக் கட்டணம் இல்லாமல் பேருந்திலும் திருமண மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் அதனைக் கேட்டோம். யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து இலண்டனில் வளர்ந்த ஈழத்தமிழ்க் கலைஞர் மாயா (மாதங்கி அருள்பிரகாசம்), தமது ‘கலா’ (2007) தொகுப்பிற்காக உறுமி மேளத்தைச் சென்னையில் பதிவுசெய்து உலகக் கிளப்புகளில் ஒலிக்கச் செய்தார்.

ஒப்பீட்டுச் சுருக்கம்

• பெர்லின்: காலிக் கட்டடங்கள் மிகுதி, மூடும் நேரம் இல்லை, அரசின் பண்பாட்டு ஏற்பு.
• மும்பை: மூடிய ஆலைகள், உயர்ந்த வாடகை, வசதியுள்ளோர் கூடும் இடம்.
• கோவா: திறந்தவெளி, சுற்றுலாவைச் சார்ந்த தொழில்.
• பெங்களூரு: இளைஞர் மிகுதி, நடனத்திற்குத் தனி உரிமம்.
• சென்னை: விடுதிக்குள் அடங்கிய கிளப், திரையிசை வழியான பரவல்.

ஒலியும் உரிமையும்

2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்வு தரலாம். குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டலாகாது. நோயாளிகளையும் முதியோரையும் தேர்வுக்குப் படிக்கும் மாணவரையும் காப்பது இவ்விதி. கிளப்புக்குச் செல்வோரின் செவியும் காக்கப்பட வேண்டும். இசை அரங்குகளில் சராசரி ஒலி 100 டெசிபலை மீறலாகாது என 2022இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

இவ்விதி கிளப்புக்கு மட்டும் உரியதன்று. திருவண்ணாமலை மாவட்டம் தெருக்கூத்து வாழும் மண். விடிய விடிய ஆடுவதே கூத்தின் இயல்பு. ஒலிபெருக்கி வைத்தால் அதற்கும் இதே பத்து மணிதான். பௌர்ணமி இரவில் 14 கி.மீ. கிரிவலப் பாதை உறங்குவதில்லை. வேங்கிக்கால் சாலையில் விடியும்வரை மக்கள் நடமாட்டம் இருக்கும். இரவில் கூடுவதும் இசைப்பதும் ஆடுவதும் நமக்குப் புதியன அல்ல.

முடிவுரை

ஒரு நகரின் நடன இசைப் பண்பாட்டை இளைஞர்களின் விருப்பம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மூடிய ஆலையும், உரிம விதியும், கடிகாரமும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. எந்த இரவு ஒலி பண்பாடு, எந்த இரவு ஒலி தொல்லை என்பதை ஒவ்வொரு சமூகமும் தானே முடிவு செய்கிறது. அம்முடிவில் ஆடுபவரின் பாதுகாப்பிற்கும் உறங்குபவரின் அமைதிக்கும் சம இடம் இருக்க வேண்டும். கூத்துக்கு ஒரு நீதி, கிளப்புக்கு ஒரு நீதி என்றும், விடுதிக்கு ஒரு நீதி, தெருவுக்கு ஒரு நீதி என்றும் இருத்தல் ஆகாது.