லீவு யார் கையில்?

ஊரை விட்டு ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் தள்ளி வேலை பார்ப்பவனுக்கு லீவு என்பது இரண்டு பேரிடம் வாங்க வேண்டிய சமாசாரம். ஒருவர் மேலதிகாரி, இன்னொருவர் ரயில்வே. ரயில்வே 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலத்தை 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. பொங்கலுக்கு போபாலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏற வேண்டுமென்றால் நவம்பர் நடுவிலேயே டிக்கெட் எடுத்தாக வேண்டும். ரயில்வேக்காரர் அன்றைக்கே பதில் சொல்லிவிடுவார், உண்டு, இல்லை, வெயிட்டிங் லிஸ்ட் என்று. மேலதிகாரி பக்கம் மட்டும் ஸ்க்ரீனில் ‘பெண்டிங்’ என்று நிற்கும். வாரக்கணக்கில் நிற்கும்.

இப்போதெல்லாம் நம் லீவை ‘அப்ரூவ்’ செய்வது நேர் மேலதிகாரிதான். ஹெச்.ஆர். சாப்ட்வேரில் ஒரு பட்டன், அவ்வளவுதான். ஆனால் அந்த அதிகாரம் அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது சமீபத்தில்தான். அது ஏன் அவ்வளவு நாள் வரவில்லை என்பதில்தான் கதையே இருக்கிறது.

1922ல் அமலுக்கு வந்த அரசு அடிப்படை விதிகளில் 67ஆம் விதி ஒன்று உண்டு. லீவை யாரும் உரிமையாகக் கேட்க முடியாது, மறுப்பதும் ரத்து செய்வதும் கொடுக்கிறவர் இஷ்டம் என்பது அதன் சாரம். வங்கிகள் வரைக்கும் பரவிய வாசகம் இது. சர்வீஸ் ரூல்ஸ் எதைப் புரட்டினாலும் ஏதோ ஒரு மூலையில் இது உட்கார்ந்திருக்கும்.

கொஞ்சம் யோசித்தால், ஒரு லீவு லெட்டருக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இவர் கணக்கில் லீவு பாக்கி இருக்கிறதா? இவர் போனால் சீட்டைச் சமாளிக்க முடியுமா? இரண்டாவதற்குப் பக்கத்து மேசைக்காரருக்குத்தான் பதில் தெரியும். முதலாவதற்கான பதில் லெட்ஜரில் இருக்கிறது. அந்த லெட்ஜர் எங்கேயோ தூரத்தில் இருந்தது. கெஜட்டட் ஆபீசர் என்றால் தணிக்கை அலுவலகத்திலிருந்து ‘இவருக்கு இவ்வளவு லீவு தகும்’ என்று காகிதம் வந்த பிறகுதான் ஆர்டர் போடவே முடியும். அதனால் நேர் மேலதிகாரி ‘பரிந்துரைத்து மேலனுப்பப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்வார். அதிகாரம் மேலே போனதற்குக் காரணம் மேலே இருந்தவரின் ஞானம் இல்லைங்க, லெட்ஜர்தான்.

வங்கியிலும் இதே கதைதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சி.எல். கிளை மேலாளர் கையில் இருந்தது, அவர் மேசையிலேயே சின்ன ரிஜிஸ்டர். கிளை மேலாளருக்கே பி.எல். வேண்டுமென்றால் மேலே உள்ள அலுவலகத்துக்கு எழுத வேண்டும். ஊழியர்களின் லீவு விதிகளை நாடு முழுக்க ஒரே மாதிரி வகுத்தது 1953ல் வந்த சாஸ்திரி அவார்டு. (அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவர் பஞ்சாபகேச சாஸ்திரி நம் சென்னை உயர் நீதிமன்றத்து நீதிபதியாக இருந்தவர்.) அரசு வங்கி அதிகாரிகளுக்கு ஒரே மாதிரி விதிகள் 1979 ஜூலையில்தான் வந்தன. வருடத்துக்கு 12 நாள் சி.எல்., ஒரு தடவைக்கு 4 நாளுக்கு மேல் கிடையாது. போபாலிலிருந்து திருநெல்வேலி போக ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். மிச்சம் ஒரு நாள். இந்த 4 என்ற எண்ணைப் போட்டவர் கண்டிப்பாகச் சொந்த ஊரிலேயே வேலை பார்த்திருப்பார்!

இதற்கெல்லாம் முன்னாலேயே, ஆலைத் தொழிலாளிக்கு ஒரு நல்ல விதி வந்திருந்தது. 1946ல் நிலையாணைச் சட்டத்தோடு வந்த மாதிரி நிலையாணைகள். தொழிலாளி விண்ணப்பிக்க வேண்டும். சரி, அது எல்லா இடத்திலும் உள்ளதுதான். ஆனால் நிர்வாகத்துக்கும் கெடு வைத்திருந்தார்கள். ஒரு வாரத்துக்குள், அல்லது லீவு தொடங்க 2 நாள் முன்பு, எது முதலில் வருகிறதோ அதற்குள் ஆர்டர் போட்டாக வேண்டும். அன்றே தொடங்கும் லீவு, அல்லது 3 நாளுக்குள் தொடங்கும் லீவு என்றால் அன்றைக்கே பதில். மறுத்தாலும் தள்ளிப் போட்டாலும் காரணத்தை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், தொழிலாளி கேட்டால் நகல் கொடுக்க வேண்டும். சும்மா இருப்பது என்ற மூன்றாவது வழியே மேலதிகாரிக்குக் கிடையாது. இத்தனைக்கும் அப்போது கம்ப்யூட்டரும் இல்லை, ஒன்றும் இல்லை.

சாப்ட்வேருக்கு வருவோம். அமெரிக்காவில் 1987ல் தொடங்கிய பீப்பிள்சாப்ட் பெயர் வாங்கியதே ஹெச்.ஆர். மென்பொருளில்தான். 2000ல் வந்த அதன் 8ஆம் பதிப்பு முழுக்க பிரவுசரிலேயே ஓடியது. யார் மேசையிலும் தனியாக எதையும் நிறுவ வேண்டாம் என்றானதும் ஹெச்.ஆர். துறை தன் லெட்ஜரை எல்லோருக்கும் திறந்துவிட்டது. ஊழியர் தானே விண்ணப்பிக்கலாம், நேர் மேலதிகாரி தானே ஒப்புதல் தரலாம். 2005 ஜனவரியில் ஆரக்கிள் அந்தக் கம்பெனியையே வாங்கியது. நம் வங்கிகளும் ஒவ்வொன்றாக இந்த வழிக்கு வந்தன. மத்திய அரசு இ-ஹெச்.ஆர்.எம்.எஸ். தொடங்கியது 2017 டிசம்பர் 25ல்.

ஆக, மேலதிகாரிக்குப் புதிதாக அறிவு வரவில்லை, பாக்கி எத்தனை நாள் என்பது அவர் ஸ்க்ரீனில் தெரிய ஆரம்பித்தது. இரண்டு கேள்விக்கும் பதில் ஒரே மேசைக்கு வந்தது. இது நல்ல மாற்றம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. காகித லெட்டர் டிராயரில் காணாமல் போகும், ‘எங்கிட்ட வரவே இல்லையேப்பா’ என்பார்கள். இப்போது தேதியும் நிமிடமும் பதிவாகிறது.

ஆனால் 1946ன் கெடு? அதைப் பல இடங்களில் சேர்க்க மறந்துவிட்டார்கள். பதில் சொல்லாமல் இருப்பதற்கு ‘பெண்டிங்’ என்று ஒரு கௌரவமான பெயர் கிடைத்துவிட்டது. இத்தனை நாளில் பதில் இல்லையென்றால் விண்ணப்பம் அடுத்த மேலதிகாரிக்குப் போகட்டும், அவர் லீவில் போனால் இன்னொருவர் பார்க்கட்டும் என்றெல்லாம் செட் பண்ண இந்த மென்பொருள்களில் வசதி உண்டு. யாராவது உட்கார்ந்து அதைப் போட வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கிளையில் மதுரைக்காரப் பெண் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு ஒன்றரை மாதம் முன்பே விண்ணப்பித்தார். மேலாளர் இருந்தவரை தொடவில்லை, பிறகு அவரே லீவில் போய்விட்டார். மாற்று ஆள் செட் செய்யப்படவில்லை. டிக்கெட் கையில், அப்ரூவல் இல்லை. கிளம்பிப் போய்விட்டார். திரும்பி வந்தபோது அனுமதியில்லாமல் வரவில்லை என்று விளக்கம் கேட்டு மெமோ ரெடியாக இருந்தது. விண்ணப்பத்தின் ஸ்க்ரீன்ஷாட்டை வைத்துத்தான் தப்பித்தார்.

இதற்கு நேர்மாறாக, கேட்காமலே வரும் லீவு ஒன்றும் வங்கியில் இருக்கிறது. 2008 ஜனவரியில் பிரான்ஸின் சொசியெத்தே ஜெனரால் வங்கி, ஜெரோம் கெர்வியெல் என்ற டிரேடரால் 490 கோடி யூரோ நஷ்டம் என்று அறிவித்தது. மனுஷன் 2007 முழுக்க எடுத்த லீவு 4 நாள். சீட்டை விட்டு எழுந்தால் அடுத்தவர் வந்து பார்த்துவிடுவாரே! நம் ரிசர்வ் வங்கியின் 2021 ஜூலை 9 சுற்றறிக்கைப்படி, முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்களை வருடத்தில் ஒரே தவணையாக 10 வேலை நாளுக்குக் குறையாமல் லீவில் அனுப்ப வேண்டும். முன்கூட்டித் தகவல் சொல்லக் கூடாது. ஆபீஸ் மெயில் தவிர வேறு எதையும் அவர் தொடக் கூடாது.

பத்து நாள் முழுசாக ஊரில் இருக்கலாம், அருமை. டிக்கெட்டுக்குத்தான் வழியில்லை. தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணிக்கு, ஸ்லீப்பருக்கு 11 மணிக்குத் திறக்கிறது. வீட்டம்மாவை ஒரு போனிலும் பையனை இன்னொரு போனிலும் உட்கார வைக்க வேண்டியதுதான்.