பொய்யும் பரிவும்: 1986 நியூபவுண்ட்லாந்து மீட்பும் ‘லெ ஆவ்ர்’ திரைப்படமும்

முன்னுரை

கனடாவில் ஈழத்தமிழர் குடியேறிய வரலாற்றைக் கூறுவோர் எவரும் 1986 ஆகஸ்ட் 11ஆம் நாளைக் குறிப்பிடாது செல்வதில்லை. நியூபவுண்ட்லாந்தின் அவலன் தீபகற்பத்துக்குத் தெற்கே, சென்ட் ஷொட்ஸ் என்னும் சிற்றூருக்கு அப்பால், மூடுபனிக் கடலில் மிதந்த இரண்டு உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் அன்று மீட்கப்பட்டனர். அவர்களை முதலிற் கண்டவர் மீன்பிடிக் கலத் தலைவர் கஸ் டால்டன். ரொறன்ரோத் தமிழரின் நினைவுகூரல்களில் அவர் பெயர் நன்றியோடு சொல்லப்படுகிறது. ஆயின் அந்நிகழ்வின் மறுபாதி அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மீட்கப்பட்டோர் தம் பயணம் பற்றிக் கரையில் முதலிற் கூறியது உண்மையன்று.

இப்பொய்யை ஒதுக்கிவிட்டு அப்பரிவின் வரலாற்றை எழுத இயலாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதனை விளக்குதற்கு, அகதியையும் அயலாரின் பரிவையும் பொருளாகக் கொண்ட அக்கி கவுரிஸ்மக்கியின் ‘லெ ஆவ்ர்’ திரைப்படம் இங்கு ஒப்புநோக்கப்படுகிறது.

கடலும் கரையும்

கடலில் நிகழ்ந்தது எளிமையானது. டால்டன் படகுகளைக் கண்டார். கரைக்கு வானொலியிற் செய்தி அனுப்பினார். அருகிருந்த வேறு மீன்பிடிக் கலங்களும் உதவிக்கு வந்தன. படகுகளில் இருந்தோர் எந்நாட்டினர், எத்துறையிலிருந்து புறப்பட்டனர் என்பன அப்போது விடை வேண்டிய வினாக்களாக இருக்கவில்லை. கடலில் தத்தளிப்பவரைத் தூக்கிவிடுவது மீனவரின் தொழில் வழக்கு. யாழ்ப்பாணத்துக் கரையூர்களிலும் அதுவே வழக்காதலின், அச்செயலைப் புரிந்துகொள்ள மீட்கப்பட்டோருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிரார்.

வினாக்கள் கரையில் தொடங்கின. சென்ட் ஜோன்ஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டு மெமோரியல் பல்கலைக்கழக விடுதிகளில் தங்கவைக்கப்பட்டோர், தாம் இந்தியாவிலிருந்து வந்ததாகக் கூறினர். சில நாள்களிலேயே அது தவறென்பது வெளிப்பட்டது. அவர்களை ஏற்றிவந்த ‘ஒரிகே’ என்னும் சிறு சரக்குக் கப்பல் மேற்கு ஜேர்மனியிலிருந்து புறப்பட்டிருந்தது. கப்பற்றலைவர் பயணிகளிடம் பெருந்தொகை பெற்று, கரை சேர்க்காமல் நடுக்கடலிற் படகுகளில் இறக்கிவிட்டுத் திரும்பியிருந்தார்.

பொய்யின் காரணம் விளங்காததன்று. 1983 ஜூலை வன்செயல்களுக்குப் பின் பெருந்தொகையான தமிழர் கிழக்கு பேர்லின் வழியாக மேற்கு ஜேர்மனியை அடைந்தனர். 1985இல் அவ்வழி இறுக்கப்பட்டது. மேற்கு ஜேர்மனியில் தஞ்சம் கோரியவர் தொழில் செய்வதற்கும், வதிவிட மாவட்டத்தை விட்டு வெளியே செல்வதற்கும் கட்டுப்பாடுகள் இருந்தன. ஆயினும் அது பாதுகாப்பான நாடு என்றே கணிக்கப்பட்டது. அங்கிருந்து வந்தோம் என்று ஒப்புக்கொள்பவர் அங்கேயே திருப்பி அனுப்பப்படலாம் என்ற அச்சம் இருந்தது.

உண்மை வெளிப்பட்டதும் கனடியப் பொதுமக்களில் ஒரு பகுதியினர் சினந்தனர். ஏமாற்றப்பட்டோம் என்பதே அச்சினத்தின் சாரம். எனினும் பிரதமர் பிரயன் மல்ரோனியின் அரசு தன் முடிவை மாற்றவில்லை. அமைச்சரின் சிறப்பு அனுமதியின் பேரில் ஓராண்டு தங்கித் தொழில் செய்யும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டது. அதே 1986இல் அகதிகளுக்கு அளித்த ஆதரவுக்காகக் கனடிய மக்களுக்கு ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையத்தின் நான்சன் விருது வழங்கப்பட்டது. ஒரு நாட்டு மக்கள் முழுவதற்கும் அவ்விருது வழங்கப்பட்டது அந்த ஒருமுறை மட்டுமே.

திரையில் பொய்

பின்லாந்து இயக்குநரான கவுரிஸ்மக்கியின் ‘லெ ஆவ்ர்’ 2011இல் கான் திரைப்பட விழாவில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பிரெஞ்சுத் துறைமுக நகரம் ஒன்றே களம். இலண்டனுக்குச் செல்லவேண்டிய கொள்கலன் ஒன்று தவறுதலாக அங்கு இறக்கப்படுகிறது. அதனுள் இருந்த ஆபிரிக்க அகதிகளுள் இத்ரிசா என்னும் சிறுவன் தப்பி ஓடுகிறான். தெருவிற் சப்பாத்து மினுக்கிப் பிழைக்கும் மார்செல் மார்க்ஸ் அவனை மறைத்து வைக்கிறார்.

இப்படத்தின் நகை தனித்தன்மை உடையது. எவரும் முகம் மலர்வதில்லை. எவரும் கண்ணீர் விடுவதில்லை. உரையாடல் ஓரிரு சொற்களில் முடிகிறது. கடன்காரரான மார்செல் வருவதைக் கண்டு கதவை இழுத்து மூடிய மளிகைக் கடைக்காரர், வீட்டிற் சிறுவன் இருப்பதை அறிந்ததும் பொருள்களை அள்ளிக் கொடுக்கிறார். அப்போதும் அவர் முகத்தில் மாற்றமில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல் முதலாக நான்கு நிலைக்களன்களைக் கூறும். கவுரிஸ்மக்கியின் நகை அவற்றுள் எள்ளலுக்கு நேர் எதிரானது. நல்லது செய்பவர் தாம் நல்லவர் என்பதை அறியாதவர்போல் நடந்துகொள்வதிலிருந்தே அது பிறக்கிறது.

இக்கட்டுரைக்கு முதன்மையானது படத்தில் பொய் பெறும் இடம். சிறுவனின் பாட்டனாரைக் காணத் தடுப்பு நிலையத்துக்குச் செல்லும் மார்செல், தாம் அக்குடும்பத்தின் உறவினர், தோல்நிறம் மட்டும் பிறவியிலேயே வெளிறிவிட்டது என்று அதிகாரியிடம் கூறுகிறார். அவருடைய தொழிற்றோழர் சாங் பல்லாண்டுகளாக வேறொருவர் பெயரில் வாழ்பவர். இறுதியிற் காவல் ஆய்வாளர் மொனே, சிறுவன் ஒளிந்துள்ள படகு அறையின் மூடிமேல் அமர்ந்துகொண்டு, உள்ளே எவருமில்லை என்கிறார். சிறுவனை இலண்டனுக்கு அனுப்ப ஊரார் இசை நிகழ்ச்சி நடத்திச் சேர்க்கும் பணமும் ஆட்கடத்துபவருக்கே செல்கிறது. பொய்யின் சுமையை அகதி மட்டும் சுமக்கவில்லை; ஊரார் அதைப் பங்கிட்டுக்கொள்கின்றனர்.

இவ்வியக்குநர் 2017இல் வெளியிட்டு, பேர்லின் விழாவிற் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடி விருதைப் பெற்ற அடுத்த படத்தில் இதன் மறுதலை காட்டப்படுகிறது. அலெப்போவிலிருந்து ஹெல்சிங்கி வந்த காலித் உண்மையை முழுமையாகக் கூறுகிறான். அவனது நகரில் ஆபத்தில்லை என்று கூறி அலுவலகம் அவனை மறுக்கிறது. தொலைக்காட்சியோ அந்நகரின் அழிவைக் காட்டிக்கொண்டிருக்கிறது. ஜாக் ஓடியார் இயக்கி, எழுத்தாளர் ஷோபாசக்தி நடித்து, 2015இல் கான் விழாவின் தங்கப்பனை விருதைப் பெற்ற ‘தீபன்’ திரைப்படமும் இறந்தோரின் கடவுச்சீட்டுகளைக் கொண்டு ஒரு குடும்பமாக நடிக்கும் மூவரின் கதையே. உண்மைக்கு இடமளிக்காத எல்லையே பொய்யை விளைவிக்கிறது என்பதில் இம்மூன்று படங்களும் ஒன்றுபடுகின்றன.

விருந்தும் ஒக்கலும்

‘விருந்து’ என்னும் சொல்லைத் தொல்காப்பியச் செய்யுளியல் புதுமை என்னும் பொருளில் ஆள்கிறது. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரமும் விருந்தையும் ஒக்கலையும் வேறுவேறாகவே எண்ணுகிறது. அறியாதவர் விருந்து, சுற்றத்தார் ஒக்கல். நியூபவுண்ட்லாந்தில் 155 பேரும் முன்னைய பொருளில் விருந்தினர். அங்கிருந்து மொன்றியாலுக்கும் ரொறன்ரோவுக்கும் சென்றபோது அவர்கள் ஒக்கலிடம் சேர்ந்தனர். ரொறன்ரோவின் சென்ட் ஜேம்ஸ் டவுன் அடுக்குமாடிகளில் ஒரே வீட்டைப் பலர் பகிர்ந்து வாழ்ந்ததும், ஒருவர் தாம் வேலைசெய்த உணவகச் சமையலறையில் அடுத்தவரைச் சேர்த்துவிட்டதும் அக்காலத் தமிழர் வாழ்வின் பொது அனுபவங்கள்.

ஒக்கலின் உதவி தொடர்ச்சியானது. விருந்தோம்பியவரின் உதவி ஒருநாளைக்குரியது. எனினும் பின்னையது இன்றி முன்னையதற்கு வாய்ப்பே இல்லை. 2016இல், முப்பது ஆண்டுகள் நிறைந்தபோது, மீட்கப்பட்டோரிற் சிலர் நியூபவுண்ட்லாந்து சென்று டால்டனைச் சந்தித்தமை இவ்வுறவுக்குச் சான்று.

பரிவும் சட்டமும்

1986இன் பரிவு சட்டத்தின் துணையோடு நின்றது. 1985 ஏப்ரல் 4ஆம் நாள் ‘சிங்’ வழக்கில், கனடிய மண்ணில் தஞ்சம் கோருபவர் நேரில் விசாரிக்கப்படும் உரிமை உடையவர் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. ஆனால் காற்று விரைவில் திசைமாறியது. 1987 ஜூலையில் 174 பேர், பெரும்பாலும் சீக்கியர், நோவா ஸ்கோஷியாக் கரையில் இறங்கினர். அடுத்த மாதமே நாடாளுமன்றம் அவசரமாகக் கூட்டப்பட்டு, அகதிகளைக் கொண்டுவருவோரையும் அவர்களுக்கு உதவுவோரையும் தண்டிக்கும் சட்டமூலம் விவாதிக்கப்பட்டது. பரிவினால் உதவுபவரும் இதில் அகப்படுவர் என்று திருச்சபைகள் அன்றே எச்சரித்தன.

அவ்வச்சம் ஏறத்தாழ இருபது ஆண்டுகளின்பின் மீண்டும் தமிழர் கப்பல்களாலேயே சோதிக்கப்பட்டது. 2009 ஒக்டோபரில் ‘ஓஷன் லேடி’ 76 ஆண்களுடனும், 2010 ஆகஸ்ட்டில் ‘சன் சீ’ ஆண், பெண், சிறுவர் அடங்கிய 492 பேருடனும் பிரித்தானியக் கொலம்பியாவை அடைந்தன. இம்முறை விடுதி அறைகள் இல்லை; தடுப்புக்காவலே இருந்தது. ‘சன் சீ’ பயணிகளுள் இயந்திர அறையில் உழைத்தோர், காவல் பார்த்தோர், சமைத்தோர் ஆகிய சிலர், அவ்வேலையினாலேயே ஆட்கடத்தலிற் பங்குகொண்டவராகக் கருதப்பட்டனர். உடன் பயணித்தோருக்குச் சமைத்தது கடத்தற் குற்றமாகுமா என்பது நாட்டின் உயர்ந்த நீதிமன்றத்தின் முன் வினாவாக எழுந்தது. கவுரிஸ்மக்கி எழுதியிருப்பின் மிகைப்படுத்தல் என்றே இதனைக் கூறியிருப்போர் உளர்.

2015 நவம்பர் 27ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இரு தீர்ப்புகளை வழங்கியது. ‘சன் சீ’ தொடர்பான தீர்ப்பு, பொருளாதாய நோக்கமற்ற பரஸ்பர உதவி ஆட்கடத்தல் ஆகாது என்றது. ‘ஓஷன் லேடி’ தொடர்பான தீர்ப்பு, மனிதாபிமான உதவியையும், அகதிகள் தமக்குள் உதவிக்கொள்வதையும், குடும்பத்தாருக்கு உதவுவதையும் தண்டிக்க இடமளிக்கும் அளவில் சட்டப்பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்றது. குற்றஞ்சாட்டப்பட்ட நால்வரை அது விடுவிக்கவில்லை. அவர்களின் வழக்கு விசாரணைக்கே அனுப்பப்பட்டது. ஆயினும் இலாபத்துக்காக ஏற்றிவந்தவரையும் இரக்கத்தால் தூக்கிவிட்டவரையும் பிரித்தறியும் கோடு சட்டத்தில் அன்று வரையப்பட்டது.

முடிவுரை

‘லெ ஆவ்ர்’ இன்ப முடிவுடையது: சிறுவன் கடல் கடக்கிறான், நோயுற்ற மனைவி குணமடைகிறாள், வாசலில் மரம் பூத்து நிற்கிறது. வரலாறு அத்தகைய முடிவைத் தருவதில்லை. அது தருவது ஒரு வரிசை: மீனவர் முதலில் வந்தார்; வினா பின்னர் வந்தது; சட்டம் எல்லோருக்கும் பின்னால் வந்தது.

155 பேரின் பொய்யை மறைப்பது டால்டனுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உண்மையே பேசும் தூயவரைத்தான் அவர் காப்பாற்றினார் என்று கொண்டால், அவர் செயல் தகுதி கண்டு அளித்த பரிசாகச் சுருங்கிவிடும். அவர் தகுதி கேட்கவில்லை என்பதிலேயே அச்செயலின் பெருமை உள்ளது. இன்று ரொறன்ரோவில் விருந்தோம்பும் நிலையில் இருப்பவர்களுள் தமிழரும் அடங்குவர். அடுத்த படகு எந்நாட்டிலிருந்து வரினும், அதில் வருவோர் கூறும் முதற்கதை முழு உண்மையாக இருக்கவேண்டும் என எதிர்பார்க்கும் உரிமை, பிறரைக் காட்டிலும் இச்சமூகத்துக்குக் குறைவு.