காணி விடுவிப்பும் பகிரங்க அறிவித்தலும்

திருநெல்வேலிச் சந்தியூடாக வடக்கே செல்லும் பலாலி வீதி, 1990 முதல் பல்லாண்டு காலம் உயர் பாதுகாப்பு வலயத்தின் வேலியோடு நின்றுபோனது. வேலிக்கு அப்பால் இருந்தவற்றில் பெரும்பாலானவை வலிகாமம் வடக்கு மக்களின் உறுதிக் காணிகள். அவை சட்டப்படி சுவீகரிக்கப்படாமலேயே படையினர் வசமிருந்தன.

காணியை எடுப்பதற்கு ஒரு நடைமுறை உண்டு. 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின் 2ஆம் பிரிவு, மும்மொழிகளிலும் அறிவித்தலைக் காட்சிப்படுத்தக் கோருகின்றது. 4ஆம் பிரிவு ஆட்சேபனைக்கும் விசாரணைக்கும் இடமளிக்கின்றது. எனினும், 38ஆம் பிரிவின் அவசர ஏற்பாடு அந்த வாய்ப்பை மக்களிடமிருந்து பறித்துவிடக்கூடியது.

2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டது. உரிமையாளர்களோ நலன்புரி நிலையங்களிலும் உறவினர் வீடுகளிலும் காத்திருந்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினர்.

எடுத்த காணியை மீளக் கையளிப்பதற்கு 39அ பிரிவு வழிசெய்கின்றது. நட்டஈடு வழங்கப்பட்டிருக்கக் கூடாது; காணி பொதுத் தேவைக்குப் பயன்பட்டிருக்கக் கூடாது; அபிவிருத்தி செய்யப்பட்டிருக்கக் கூடாது; பொறுப்பேற்க உரியவர் எழுத்தில் இணங்க வேண்டும். இவை நிறைவேறினால், அமைச்சர் வர்த்தமானிக் கட்டளை மூலம் காணியை விடுவிக்கலாம்.

ஆனால், சுவீகரிக்கப்படாத வலயக் காணிகளுக்கு இந்த வழியும் இல்லை. எந்தத் துண்டு விடுபடும், எது தங்கும் என்பதை அதிகாரத்திலிருப்போரின் அறிவிப்பே தீர்மானிக்கின்றது. விடுபடாத காணிக்காரர் தமது நியாயத்தை எடுத்துரைக்க ஒரு விசாரணை மேசைகூட இல்லை.

அறிவித்தல் உரியவரைச் சென்றடைவதும் அவசியமாகும். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானி, வேறொரு சட்டமான காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், வடக்கில் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோருமாறு கேட்டது. கடும் எதிர்ப்பின் பின் அது மீளப் பெறப்பட்டது. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழும் முஸ்லிம் குடும்பமோ, கடல் கடந்து வாழும் தமிழ்க் குடும்பமோ, இங்குள்ள சுவரில் ஒட்டிய தாளை எவ்வாறு காணும்?

ஆகவே, விடுவிக்கப்படும் காணிகளினதும் தடுத்து வைக்கப்படும் காணிகளினதும் எல்லைகள், காரணங்களுடன் முன்கூட்டியே வெளியிடப்பட வேண்டும். பிரதேச செயலகங்களிலும், புத்தளம் போன்று இடம்பெயர்ந்தோர் வாழும் இடங்களிலும் பகிரங்க விசாரணைகள் நடத்தப்பட வேண்டும். எடுப்பதற்கு அறிவித்தல் தேவையென்றால், திருப்பித் தர மறுப்பதற்கும் அது தேவையென்பதே எமது நிலைப்பாடாகும்.