வாங்காத வீடு, விற்காத வளவு

அமெரிக்கக் குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் 2007ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து ஒரு கணக்குப் போட்டது. சராசரி அமெரிக்கர் ஒருவர் வாழ்நாளில் 11.7 தடவை வீடு மாறுகிறார். 18 வயதில் அவருக்கு இன்னும் 9.1 மாற்றம் மிச்சம், 45 வயதில் 2.7தான் மிச்சம். நடுவயதுக்குள்ள ஓட்டம் முக்கால்வாசி முடிஞ்சிடும். இதெல்லாம் விற்று வாங்கினதில்லை, வாடகைக்கு மாறினதும் சேர்த்தி. எண்டாலும் விற்பதும் வாங்குவதும் அங்க சாதாரண விசயம். கனடாவில இருக்கிற எங்கட சொந்தக்காரரும் "இது மூண்டாவது வீடு" எண்டு சிரிச்சுக்கொண்டே சொல்லுவினம்.

அதே கணக்கை மூதூருக்குக் கிழக்கே, சம்பூர் போகிற வழியில் இருக்கிற கட்டைபறிச்சானில் போட்டுப் பார்ப்போம். 1961இல் அங்கே பிறந்த ஒரு பெண்ணை எண்ணிக்கொள்ளுங்கள். 2006இல் அவவுக்கு 45 வயது. வாங்கிய வீடு: பூச்சியம். விற்ற வீடு: பூச்சியம். ஆனால் இருந்த கூரைகளை எண்ணினால் அமெரிக்கக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிடும்.

முதலில் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கிழக்கில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். அடுத்த மகளுக்குக் கலியாணம் பேசும்போது, தாய் தகப்பன் இருக்கிற வீட்டை மூத்தவளுக்கு விட்டுவிட்டு, இளையவர்களோட பக்கத்து வளவில் ஒரு சின்ன வீட்டுக்கு மாறுவதும் உண்டு. மானிடவியலாளர் டென்னிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றுப் பக்கத்தில் பல வருசம் ஆய்வு செய்து இதை விரிவாக எழுதியிருக்கிறார். வீடு இங்கே சந்தைக்குப் போவதில்லை, தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. காசு முடை வந்தால் நகையை அடகு வைப்பார்கள், வயலை ஈடு வைப்பார்கள். வளவை வித்தால் குடும்பம் முடிஞ்சுது எண்டுதான் ஊர் கதைக்கும்.

சரி, வழக்கம் விற்க விடவில்லை. சட்டம்?

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து, காணி விற்பனை எண்டால் நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சியோட எழுதின உறுதி வேண்டும். அது உறுதிக் காணிக்குச் சரி. கிழக்கில் சனம் இருக்கிற காணியில் பெரும்பகுதி அரசகாணி. அதை ஆள்வது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். அதன்படி உங்களுக்குக் கிடைப்பது பெர்மிட். அனுமதியில்லாமல் விற்க ஏலாது, துண்டாக்க ஏலாது, நினைத்த இடத்தில் ஈடு வைக்கவும் ஏலாது. ஏழை விவசாயி காணியை முதலாளியிடம் இழந்துவிடக் கூடாது எண்டது அன்றைய நியாயம். அதில் உண்மையும் இருந்தது. ஆனால் அதே சட்டம், பின்னுரித்தாளர் பெயர் பதியாமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளில் ஆண்பிள்ளையை, அதிலும் மூத்தவனை, முன்னுக்கு வைத்தது. மகளுக்கு வீடு எண்டு ஊர் சொல்ல, மகனுக்குக் காணி எண்டு கச்சேரி சொன்னது! இந்த முரண் 2022இல்தான் திருத்தப்பட்டது. 87 வருசம்.

அதுக்குள்ள யுத்தம். 1990 ஜூனில் அது திரும்பவும் தொடங்க, கிழக்கில் ஊர் ஊராகச் சனம் ஓடியது. 2002 போர்நிறுத்த காலத்தில் கட்டைபறிச்சான் இராணுவப் பகுதியும் புலிகளின் பகுதியும் முட்டுகிற சோதனைச்சாவடியாகத்தான் செய்திகளில் வந்தது. அப்படியொரு எல்லையில் ஆர் வளவு வாங்குவார்? 2006 ஏப்ரலில் மூதூர் கிழக்கில் விமானக் குண்டு விழுந்தது. ஜூலையில் மாவிலாற்று அணைக்கதவு மூடப்பட்டது. ஓகஸ்டில் மூதூர் நகரமே சண்டைக்களமானது. முஸ்லிம் சனம் கந்தளாய்க்கு ஓடியது, மூதூர் கிழக்குத் தமிழ்ச் சனம் வெருகல் தாண்டி வாகரைக்கு. வாகரையும் 2007 ஜனவரியில் விழ, முன்பே மட்டக்களப்பு முகாம்களுக்கு நகரத் தொடங்கியிருந்த சனத்தில் மிச்சமிருந்ததும் அங்கே போய்ச் சேர்ந்தது. ஒரு வருசத்துக்குள்ளேயே நாலைந்து கூரை, அதில் பாதி தறப்பாள்.

சம்பூர்ச் சனத்தின் கதை இன்னும் நீளம். 2007 மே மாதம் அவர்களின் ஊர் வர்த்தமானி மூலம் உயர் பாதுகாப்பு வலயமானது. 2012இல் அதில் 818 ஏக்கர் கைத்தொழில் வலயமாக ஒரு கம்பனிக்குப் போனது. கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் அவர்கள் காத்திருந்தார்கள். 2015இல் அந்த வர்த்தமானி ரத்தானது, கடற்படை வைத்திருந்த 237 ஏக்கர் 2016இல் விடுபட்டது. கிட்டத்தட்ட ஒன்பது வருசம். 2006இல் பதினாலு வயதுப் பிள்ளைக்கு 2015இல் இருபத்துமூண்டு. அவளுக்கு முகாமில் கலியாணம் பேசினால் சீதன வீடு எங்கே? காணாத காணியை, கைமாற்ற முடியாத காணியை, வாயால் கொடுப்பதுதான்.

சந்தைக்காரர் பார்வையில் பார்த்தால், விற்க முடியாத வீடு செத்த முதல். பெருவின் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ 2000ஆம் ஆண்டுப் புத்தகத்தில் இதைத்தான் வாதாடினார்: ஏழைகளிடம் சொத்து இருக்கு, செல்லுபடியாகும் பத்திரம் இல்லை. எங்களுக்கு இதில் பாதிதான் உடன்பாடு. இங்கே எல்லாப் பெர்மிட்டையும் முழு உறுதியாக்கி விட்டிருந்தால், 1990களின் பசியில் எத்தனை வளவு கைமாறியிருக்கும்? விற்க முடியாததால்தான் திரும்பி வர ஒரு இடம் மிஞ்சியது. ஆனால் அந்தப் பத்திரம் இல்லாததால் நட்டமும் வந்தது. இந்திய வீட்டுத்திட்டம் 550,000 ரூபா கொடுத்தபோது காணிக்கு ஆவணம் கேட்டார்கள். இருந்த இடம் முழுக்க எரிந்த குடும்பத்திடம் எந்த ஆவணம்?

உறுதிக் காணியிலும் ஒரு பொறி. 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி, இன்னொருவர் பத்து வருசம் தன்னதுபோல் ஆண்டால் காணி அவருக்கே. ஓடினவன் எப்படி வந்து மறிப்பான்? 2016இல்தான் ஒரு விசேட சட்டம் வந்து, 1983 மே முதல் 2009 மே வரை வர முடியாமல் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கெடுக்கக் கூடாது எண்டது. அரசகாணிக்கு அது ஒண்டும் செய்யாது.

இப்ப புது வீடுகள் எழும்புகின்றன. கணிசமானவை மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்த பெண்களின் காசு. அம்மா உழைத்து மகளுக்குக் கட்டுகிற வீடு, ஆனால் கீழே இருக்கிற காணியின் பெர்மிட்டில் மாமாவின் பெயரோ அண்ணனின் பெயரோ இருக்கலாம். இதை வாசிக்கிறவர்கள் வீட்டு அலுமாரியில் பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் அந்தப் பெர்மிட்டை ஒருக்கா எடுத்து, பின்னுரித்தாளர் எண்ட இடத்தில் ஆரின் பெயர் இருக்கு எண்டு பாருங்கோ. வெறுமையாக இருந்தால், பிரதேச செயலகக் காணிக் கிளைக்கு அம்மாவையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ.