கீழே விழும் மேகசின்: சங்கிலியில் ஆரம்பித்து கார்கில் வரை

1/ துப்பாக்கின்னா நமக்குக் குழலும் விசையும்தான் ஞாபகம் வரும். ஆனா சுடும்போது துப்பாக்கி சிக்கிக்கொள்ள ஒரு முக்கியக் காரணம் தோட்டாக்களை அடுக்கி வைக்கிற மேகசின். பயிற்சியில் அது தரையில் விழுந்து விழுந்து என்ன ஆகுது? கொஞ்சம் வரலாறு பார்ப்போம்.

2/ அரபியில் 'மக்ஸன்' என்றால் கிடங்கு. அது பிரெஞ்சு வழியா ஆங்கிலத்துக்கு வந்து மேகசின் ஆச்சு. நாம படிக்கிற மேகசினும் அதே சொல்தான். பொருளைப் பிரிச்சுப் பார்த்தா ரொம்ப எளிமை: ஒரு தகரப் பெட்டி, உள்ளே ஸ்பிரிங், தோட்டாவை மேலே தள்ளும் சின்னத் தட்டு, அடியில் மூடி, மேலே இரண்டு உதடுகள்.

3/ உயிரே அந்த உதட்டில்தான் இருக்கு. அடுத்த தோட்டா எந்தக் கோணத்தில் குழலுக்குள் போகணும் என்பதை அதுதான் முடிவு பண்ணுது. ஒரு 9 மி.மீ. தோட்டா ஏறத்தாழ 12 கிராம். 13 தோட்டா போட்டா 150 கிராமுக்கு மேல். அதனால காலி மேகசின் விழுவதைவிட நிறைஞ்ச மேகசின் உதடு கீழா விழுந்தா அடி பலம். உதடு லேசா விரிஞ்சாலே தோட்டா மூக்கைத் தூக்கிட்டு நிற்கும். எலும்பு முறிஞ்சா கூடும். தகரம் வளைஞ்சா தானா நிமிராது.

4/ ஆரம்பத்தில் இதைக் கீழே விடவே யாரும் நினைக்கலை. கழற்றி மாட்டும் பெட்டி மேகசினுக்கு ஜேம்ஸ் பாரிஸ் லீ 1879இல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 1888இல் பிரிட்டிஷ் ராணுவம் எடுத்துக்கொண்ட லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் மேகசினைத் துப்பாக்கியோடு ஒரு சின்னச் சங்கிலியில் கட்டியிருந்தார்கள். தொலைஞ்சுடக் கூடாதுன்னு! பின்னால் வந்த லீ-என்ஃபீல்டுதான் நம்ம ஊர் போலீஸ் தோளில் பல காலம் தொங்கிய .303. அதில் மேகசினைக் கழற்றாமல், மேலிருந்து ஐந்தைந்து தோட்டாவாக உள்ளே தள்ளுவதுதான் வழக்கம்.

5/ கைத்துப்பாக்கியிலும் இதே கவலைதான். 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற .45 பிஸ்டலின் ஆரம்பகால மேகசின்களின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையம் இருக்கும். ஓடுற குதிரை மேலிருந்து விழுந்தா யார் இறங்கித் தேடுவது?

6/ அடுத்து பிரவுனிங் ஹை-பவர். பிரவுனிங் 1926இல் இறந்துபோக, பெல்ஜியத்தில் தியுதொனே சேவ் வேலையை முடித்து, 1935இல் வெளிவந்தது. இரட்டை வரிசையில் 13 தோட்டா. மேகசின் இல்லாம சுட முடியாதபடி ஒரு பாதுகாப்பு அமைப்பும் உண்டு. அது மேகசினை உரசிப் பிடிப்பதால், பொத்தானை அழுத்தினாலும் பல நேரம் மேகசின் தானா விழாது, கையால் உருவணும். வங்காளத்தின் இஷாப்பூர் தொழிற்சாலையில் நம்ம ராணுவத்துக்காகத் தயாரான 9 மி.மீ. 1ஏ பிஸ்டல் இதன் வாரிசுதான்.

7/ 1976இல் அமெரிக்காவின் கொலம்பியா நகரில் ஐ.பி.எஸ்.சி. என்ற பன்னாட்டுச் சுடும் அமைப்பு உருவாச்சு. அந்தப் போட்டிகளில் குறியோடு வேகமும் மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். காலியானதைப் பைக்குள் வைக்க நேரம் ஏது? கீழே விட்டுட்டு அடுத்ததைச் சொருகணும். சங்கிலி போட்டுக் காத்த பொருள் மண்ணிலும் கான்கிரீட்டிலும் விழுவதே பழக்கமாச்சு. 1982இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்ற கிளாக்கில் பிளாஸ்டிக் மேகசின், உள்ளே இரும்பு. அதிலும் ஆரம்பத்தில் வந்தவை தோட்டா நிறைஞ்சா கொஞ்சம் புடைச்சுக்கிட்டு, எளிதில் விழாது. பிறகு உள்ளே முழுக்க இரும்புப் பட்டை போட்டுச் சரி பண்ணினார்கள்.

8/ இப்போ நம்ம கதை. இன்சாஸ் ரைஃபிள், திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் தயாரானது. 20 தோட்டா பிடிக்கும், உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் மேகசின். 1999 கார்கில் போரில், உறைபனியில் அந்த மேகசின்கள் விரிசல் விடுவதாகப் புகார் வந்தது. குளிரில் பிளாஸ்டிக் தன் நெகிழ்வை இழக்கும். நம்ம போளூர் மலையில், பனி கொட்டும் தை மாத விடியலில் வெயில் தின்ன பழைய பிளாஸ்டிக் குடத்தைக் கீழே போட்டுப் பாருங்க, புரியும். சமவெளியில் தாங்கியது 16,000 அடி உயரத்திலும் தாங்கும் என்று எடுத்துக்க முடியாது. அங்கே ஒரு விரிசலின் விலை ஓர் உயிர்.

9/ அதுக்காகப் பயிற்சியில் மேகசினைக் கீழே விடாதீங்கன்னு சொல்ல முடியுமா? முடியாது. பழகாத கை ஆபத்து நேரத்தில் தடுமாறும். அனுபவப்பட்டவர்கள் செய்வது இதுதான்: ஒவ்வொரு மேகசினுக்கும் எண் போடுவது. பயிற்சிக்குத் தனி, பணிக்குத் தனி. தரையில் ரப்பர் பாய். விழுந்ததைத் துடைச்சு, உதட்டையும் அடி மூடியையும் பார்ப்பது. எந்த எண்ணில் சிக்குதோ அதை ஒதுக்குவது.

10/ இந்தக் கடைசி வரிதான் கஷ்டம். அரசு வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்: உடைஞ்ச பொருளைக் கணக்கிலிருந்து எடுப்பது, புதுசு வாங்குவதைவிடப் பெரிய பாடு. 'யார் உடைச்சது?' என்ற கேள்விக்குப் பயந்து பழுதானதும் நல்லதோடு நல்லதா அலமாரிக்குப் போயிடும். எங்க பக்கம் மூச்சுக்குழல் போடும்போது தொண்டையைப் பார்க்க லாரிங்கோஸ்கோப்னு ஒரு கருவி இருக்கு. கீழே விழுந்தா அதன் விளக்கு போயிடும். அதை எழுதி வைக்காம விட்டா, மூச்சுத் திணறி ஒருத்தர் வந்து படுத்த பிறகுதான் தெரியவரும். அதனால ஒவ்வொரு ஷிஃப்ட் தொடக்கத்திலும் எரியுதான்னு பார்க்கணும்.

11/ மேகசினோ மருத்துவக் கருவியோ, "இது கீழே விழுந்துடுச்சு" என்று வந்து சொல்பவரைத் திட்டாதீங்க மக்களே. அவர் சொன்னதால் ஒரு பழுது முன்கூட்டியே தெரிஞ்சது. திட்டினா அடுத்த முறை சொல்ல மாட்டார்.